ரெய்டு அட்டைகளும் திறந்த மூலநிரல் இயக்கிகளும் : ஒரு நோக்கு

எழுதுதல் எளிது, எழுதியதைக் காத்தல் அரிது. தமிழ் கற்பாருக்கு இதனை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 70 பாடல்கள் கொண்டதெனச் சொல்லப்படும் பரிபாடலில் முழுமையாக நம் கைக்கு வந்தவை 22 மட்டுமே. பதிற்றுப்பத்தின் முதற் பத்தும் இறுதிப் பத்தும் கிடைத்தில. செல்லுக்கும் தீக்கும் வெள்ளத்துக்கும் இரையான ஏடுகளைக் கணக்கிட்டு உரைப்பார் யார்? ஒரே ஒரு படியாக இருந்த நூல் அழிந்தால் அழிந்ததுதான். பல ஊர்களில் பல படிகளாக இருந்த நூலோ, ஓரூரில் செல்லரித்தாலும் மற்றோரூரில் பிழைத்தது. படியெடுத்து வைத்தல் நம் முன்னோர் கண்ட பாதுகாப்பு நெறியாகும்.

இன்று ஏட்டின் இடத்தைக் கணிப்பொறியின் வன்தட்டு பிடித்துக்கொண்டது. ஹார்டு டிஸ்க் என்று கடைத்தெருவில் வழங்கப்படுவது இதுவே. மாணவர் மதிப்பெண், நூலகப் பட்டியல், ஜமாஅத்தின் திருமணப் பதிவேடு, வக்ஃபு சொத்துக் கணக்கு எனப் பிறர் நம்மை நம்பி ஒப்படைத்தவை பலவும் அதிலேயே உறைகின்றன. அமானிதம் என்று நாம் வழங்கும் சொல் இவற்றுக்கு முற்றும் பொருந்தும். அவ்வன்தட்டுகளைக் காப்பதற்கென்று அமைந்த ரெய்டு அட்டை என்னும் கருவியைப் பற்றியும், அதனை இயக்கும் மென்பொருளைத் திறந்த முறையில் எழுத முற்பட்டோர் எதிர்கொண்ட தடைகளைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம். தமிழ்த்துறை மலருக்கு இப்பொருள் எற்றுக்கு என வினவுவார் உளர். படிகள் பலவற்றை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு கண்டு பதிப்பித்தோரின் வழிவந்த துறைக்கு இது அயலான பொருளன்று என்பதே நம் விடை.

ரெய்டு என்னும் ஏற்பாடு

ரெய்டு என்றவுடன் வருமான வரித்துறையினர் வாயிலில் வந்து நிற்பதே நம்மவர் நினைவுக்கு வரும். கணிப்பொறித் துறையினர் கூறும் ரெய்டு வேறு. ஆங்கிலத் தொடர் ஒன்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஆக்கிய பெயர் அது. 1988இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அக்காலத்தில் பெருங்கணிப்பொறிகளுக்கென விலைமிக்க பெரிய தட்டுகள் செய்யப்பட்டு வந்தன. அத்தகைய ஒன்றை வாங்குவதைவிட, சிறு கணிப்பொறிகளுக்கெனச் செய்யப்படும் மலிவான தட்டுகள் பலவற்றை அணியாகச் சேர்த்தால் விரைவும் கொள்ளளவும் மிகும் என்பது அவர்தம் வாதம். ஆயின் இதில் ஓர் இடர் உண்டு. தட்டுகளின் எண்ணிக்கை கூடக்கூட, அவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதாகும் வாய்ப்பும் கூடும். ஒன்று கெட்டாலும் தரவு கெடாதபடி மிகைத்தகவல் ஒன்றைச் சேர்த்து எழுதவேண்டும் என்பது அவர்கள் கூறிய தீர்வு. அம்முறைகளை வகைப்படுத்தி 1 முதல் 5 வரை எண்ணிட்டனர். பெயரில் ‘மலிவான’ என்று பொருள்பட நின்ற சொல், பிற்காலத்தில் ‘தனித்தியங்கும்’ என்று பொருள்படும் சொல்லாக மாறியது. விற்பனை செய்வோருக்கு ‘மலிவு’ என்னும் சொல் இனிக்கவில்லை போலும்!

முதல் வகை, படியெடுத்தலேயாகும். ஒரு தட்டில் எழுதுவதையெல்லாம் மற்றொன்றிலும் அவ்வாறே எழுதுவது. ஐந்தாம் வகை நுட்பமானது. அதனை மதிப்பெண் பட்டியல் கொண்டு விளக்கலாம். ஒரு மாணவன் நான்கு பாடங்களில் 62, 71, 58, 80 எனப் பெற்று, மொத்தம் 271 என எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். மூன்றாம் பாடத்தின் மேல் மை சிந்திவிட்டது. மற்ற மூன்றையும் கூட்டினால் 213. அதனை 271இலிருந்து கழித்தால் மறைந்த 58 வெளிப்பட்டுவிடும். ஐந்து தட்டுகளில் நான்கின் அளவுக்குத் தரவும் ஒன்றின் அளவுக்கு இத்தகைய ‘மொத்தமும்’ எழுதப்படுகின்றன. மொத்தம் ஒரே தட்டில் குவியாமல் எல்லாத் தட்டுகளிலும் மாறிமாறிப் பரவியிருக்கும். உண்மையில் கணிப்பொறி செய்வது கூட்டலன்று. இரும எண்களின்மீது அமைந்த வேறொரு செயல். கருத்து மட்டும் இதுவே.

இவ்விடத்து நன்கு நோக்கத் தக்கது ஒன்றுண்டு. மை ஓரிடத்தில் சிந்தினால் மீட்கலாம். ஈரிடத்தில் சிந்தினால்? ஒரு மொத்தத்தைக் கொண்டு இரண்டு எண்களைக் காணவியலாது. ஐந்தாம் வகை அணியில் ஒரு தட்டு பழுதானபின் எஞ்சியவை குறைவுற்ற நிலையில் ஓடிக்கொண்டிருக்கும். பயன்படுத்துவோர் எந்த வேறுபாட்டையும் உணரமாட்டார். கோப்பு திறக்கும், மதிப்பெண் பதிவாகும், அச்சு வெளிவரும். ஆனால் காப்பு நீங்கிவிட்டது. பழுதான தட்டை எடுத்துவிட்டுப் புதியதொன்றை இட்டு, அதில் இழந்த பகுதியைக் கணக்கிட்டு மீண்டும் எழுதி முடிக்கும்வரை அணி நூலிழையில் தொங்குகின்றது. இன்றைய பெருந்தட்டுகளில் அப்பணி முடியப் பல மணி நேரம் ஆகும். சிலபோது ஒரு நாளுக்கு மேலும் ஆகும். ஒரே நாளில் வாங்கி ஒன்றாகப் பூட்டிய தட்டுகள் ஏறத்தாழ ஒரே அளவில் தேய்ந்திருக்கும் என்பதையும் உடன் எண்ணிப் பார்க்கவேண்டும். ஆறாம் வகையில் இரு தட்டுகள் கெட்டாலும் தாங்கும். எனினும் அறிய வேண்டியது அங்கும் அறியப்படவேண்டும். ரெய்டு இருப்பதால் தனிப்படி எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டுவதில்லை என எண்ணுவோரும் உளர். அது பிழை. தவறுதலாக அழித்த கோப்பை ரெய்டு எல்லாத் தட்டுகளிலும் ஒருங்கே அழித்துவிடும்.

ஆகவே, மிகைத்தகவல் இருப்பது பாதி காப்பு. இழப்பு நேர்ந்ததை உடனே அறிவது மறுபாதி. இதற்கு நம் வரலாற்றில் அறிந்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. மறையை எந்திரத்தோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. காக்கும் நெறியை மட்டுமே சுட்டுகின்றோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்ததை அடுத்து நிகழ்ந்த யமாமாப் போரில், திருக்குர்ஆனை நெஞ்சில் தாங்கிய ஹாபிழ்கள் பலர் ஷஹீதாயினர். அச்செய்தி மதீனா வந்தடைந்தபோது அதன் பொருளை உணர்ந்தவர் உமர் (ரலி) அவர்கள். கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்களிடம் சென்று, மறை முழுவதையும் ஒருங்கு தொகுக்குமாறு வற்புறுத்தினார்கள். ஸைது இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. பல நெஞ்சங்களில் மறை இருந்தது. இருந்தும், எத்தனை நெஞ்சங்கள் அடங்கின என்னும் செய்தி உரிய காலத்தில் உரியவரை அடைந்ததனாலேயே அடுத்த செயல் நிகழ்ந்தது.

அட்டையும் இயக்கியும்

ரெய்டுக் கணக்கை இரு வழிகளில் செய்யலாம். இயக்க முறைமையே செய்வது ஒன்று. லினக்ஸில் எம்டி என்னும் பகுதி இதனைச் செய்கின்றது. மற்றொன்று, தனிச் செயலியும் தனி நினைவகமும் கொண்ட ஓர் அட்டையைச் சர்வரில் பொருத்தி, அதனிடம் பொறுப்பை விட்டுவிடுவது. அவ்வட்டை, தன் பின்னால் உள்ள எட்டுத் தட்டுகளையும் மறைத்துக்கொண்டு, முன்னால் ஒரே பெரிய தட்டாகக் காட்சி தரும். எழுத வேண்டியதை முதலில் தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு ‘எழுதியாயிற்று’ எனச் சொல்லிவிட்டுப் பின்னர் ஓய்வாகத் தட்டில் எழுதும். இதனால் விரைவு மிகும். இடையே மின்சாரம் நின்றால் நினைவகத்தில் இருப்பது அழியுமன்றோ? அதற்கென அட்டையில் ஒரு பேட்டரி உண்டு. பிற்கால அட்டைகளில் மின்தேக்கியும் ஃபிளாஷ் நினைவகமும் அவ்விடத்தைப் பெற்றன. பேட்டரி நலிந்தால் அட்டை இவ்வசதியை நிறுத்திவிடும். சர்வர் திடீரென மந்தமாகும். காரணம் தெரியாமல் அலுவலகத்தார் மென்பொருளை நொந்துகொள்வர்.

அட்டைக்கும் இயக்க முறைமைக்கும் இடையே நின்று பேசும் மென்பொருளே இயக்கி. ஆங்கிலத்தில் டிரைவர் என்பர். இரு மொழியாரிடையே நிற்கும் துபாஷியைப் போன்றது எனலாம். ‘இத்தனையாம் கட்டத்தை எடுத்துத் தா’ என்று முறைமை கேட்பதை அட்டைக்குப் புரியும் கட்டளையாக மாற்றுவது அதன் பணி. எந்தப் பதிவகத்தில் எந்த எண்ணை இட்டால் அட்டை என்ன செய்யும் என்னும் விவரம் தெரிந்தாலன்றி இயக்கி எழுதவியலாது. அவ்விவரம் செய்தவரிடமே உள்ளது.

இயக்கியின் பணி இருவகைப்படும். தரவை வாங்குவதும் கொடுப்பதும் ஒன்று. அட்டையின் நலனை விசாரிப்பது மற்றொன்று: எத்தனை தட்டுகள் உயிரோடுள்ளன, எது பழுது, மாற்றுத் தட்டு அணியில் சேர்ந்ததா, மீட்டெழுதும் பணி எவ்வளவு முடிந்தது, பேட்டரி எந்நிலையில் உள்ளது என்பன போன்றவை. இரண்டாவதை மேலாண்மை என்பர். நிறுவனங்கள் முதல் வகை விவரத்தை ஒருவாறு வெளியிட்டுவிட்டு, இரண்டாம் வகையைத் தம்மிடமே வைத்துக்கொள்வது நெடுங்கால வழக்கமாயிருந்தது. விளைவு யாது? தட்டு ஒன்று கெட்டவுடன் அட்டை கூக்குரலிடும். பூட்டிய அறையினுள் அது கூவுவதைக் கேட்பார் இல்லை. கேட்டவர் ஓடிவந்தாலும் எத்தட்டு கெட்டது என அறியவும் அக்கூக்குரலை அடக்கவும், கணிப்பொறியை நிறுத்தி மீளத் தொடக்கி, அட்டைக்குள்ளேயே அமைந்த பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கானோர் பயன்படுத்தும் சர்வரை நடுப்பகலில் நிறுத்துவார் யார்?

2005ஆம் ஆண்டின் வழக்கு

இச்சிக்கல் வெளிப்படையாக வெடித்தது 2005இல். ஓப்பன்பிஎஸ்டி என்பது கனடாவின் கால்கரி நகரிலிருந்து தியோ டி ராட் என்பார் தலைமையில் 1995 முதல் நடந்துவரும் இயக்க முறைமைத் திட்டமாகும். பாதுகாப்பில் கண்டிப்பு மிக்கது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். அடாப்டெக் நிறுவனத்தின் ரெய்டு அட்டைகளுக்குரிய இயக்கி அதில் இருந்தது. ஆயின் அவ்வியக்கி குறைபாடுடையது. மேலாண்மைப் பகுதியோ அறவே இல்லை. அதற்குரிய ஆவணங்களைத் தருமாறு திட்டத்தார் பலமுறை கேட்டனர். கிடைக்கவில்லை. பிறிதோர் இயக்க முறைமைக்கென நிறுவனம் வெளியிட்ட, மூலநிரல் இல்லாத கருவியொன்று இருந்தது. அதை எடுத்துக்கொள்வது போதாதா என்பது எதிர்வாதமாயிற்று.

போதாது என்றார் டி ராட். உள்ளே என்ன உள்ளது எனப் பார்க்க முடியாத கருவியைச் சர்வரின் உயிர்நாடியில் இணைப்பது எப்படி? அக்கருவியில் பிழை இருந்தால் திருத்துவார் யார்? வேறு வகைச் செயலி கொண்ட கணிப்பொறிகளில் அது ஓடவும் ஓடாது. 2005 மார்ச்சில் அவர் ஒரு முடிவை அறிவித்தார்: அடுத்த பதிப்பில் அவ்வட்டைகளுக்கான இயக்கி இயல்பாக இடம்பெறாது. அம்மே மாதம் வெளிவந்த 3.7 பதிப்பு அவ்வாறே வந்தது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2004ஆம் ஆண்டுக்கான விருதை அவருக்கு வழங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன என்பதும் ஈண்டு நினைக்கத் தக்கது.

இம்முடிவு பலருக்குக் கசந்தது. ஓடிக்கொண்டிருந்த இயக்கியை நீக்குவதா? அவ்வட்டையைக் காசு கொடுத்து வாங்கியவன் செய்த குற்றம் என்ன? இக்கேள்வி நேரியதே. நாமும் முதலில் அப்பக்கமே சாய்கின்றோம். ஆயினும் எண்ணிப் பார்க்குங்கால், தட்டு மாண்டதைச் சொல்லாத இயக்கி, இல்லாத காப்பை இருப்பதாகக் காட்டுகின்றது. ரெய்டு அட்டை வாங்குவதே ஒரு தட்டு கெடும் அந்நாளுக்காகத்தான். அந்நாளில் வாய் திறவாத இயக்கியை ‘ஆதரவு உண்டு’ என்னும் பட்டியலில் சேர்ப்பது வாங்குவோரை மயக்குவதாகும். ‘ஆதரவு இல்லை’ என வெளிப்படச் சொல்லிவிட்டால் அவர் வேறு அட்டையை நாடுவார். கடுமையானதாயினும் நேர்மையான முடிவு அது.

அவ்வாண்டு நவம்பரில் வந்த 3.8 பதிப்பில் மறுமொழி செயலாக வந்தது. மார்கோ பீரிபூம் முதலானோர் எழுதிய பயோசிடிஎல் என்னும் கருவி அதில் அறிமுகமாயிற்று. நிறுவனத்துக்கு ஒரு கருவி என்றிராமல், எந்த அட்டையாயினும் ஒரே கட்டளையால் நலன் விசாரிக்கும் பொதுக்கருவி இது. அணி நலமா, குறைவுற்றதா, மீட்டெழுதப்படுகின்றதா என ஒவ்வொரு வரியாகச் சொல்லும். கூக்குரலை அடக்கும். மாற்றுத் தட்டை ஒதுக்கும். எத்தட்டைக் கழற்றவேண்டும் என அறியாது நிற்பவருக்காக, அத்தட்டின் விளக்கை மட்டும் மினுக்கிக் காட்டும். இக்கடைசி வசதி சிறிதெனத் தோன்றலாம். எட்டுத் தட்டுகளின் முன்னே நின்று, பழுதானதை விட்டு நல்லதைத் தவறிப் பிடுங்கினால், ஐந்தாம் வகை அணியில் இரண்டாம் மை சிந்திவிடும்!

பயோசிடிஎல்லை முதலில் ஏற்ற இயக்கி ஏஎம்ஐ என்பது. அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் நிறுவனப் பெயரின் சுருக்கமே அது. சுப்பிரமணியன் சங்கர் என்பார் தோற்றுவித்த அந்நிறுவனத்துக்குச் சென்னையிலும் அலுவலகம் உண்டு. அதன் மெகாரெய்டு அட்டைப் பிரிவு 2001இல் எல்எஸ்ஐ லாஜிக் நிறுவனத்துக்குக் கைமாறியது. இயக்கியின் பெயர் மட்டும் பழைய உரிமையாளரைச் சுட்டி நின்றது. ஓப்பன்பிஎஸ்டி பதிப்புதோறும் ஒரு பாட்டு வெளியிடுவது அக்காலத்து வழக்கம். 3.8 பதிப்பின் பாட்டுக்கு, ஆங்கிலத் திரைப்படம் ஒன்றின் பெயரைத் திரித்து ‘ஹேக்கர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ரெய்டு’ எனப் பெயர் சூட்டினர். சினம் கொண்ட நிலையிலும் சிலேடையை விடாதவர்கள். தமிழ்த்துறையினர் இவர்களை மதிக்காதிருக்க முடியாது.

மறுதரப்பு

நிறுவனங்களின் பக்கத்தையும் கேட்டல் முறை. அட்டையின் வடிவமைப்பில் பிறரிடமிருந்து உரிமம் பெற்ற பகுதிகள் இருக்கும். அவற்றின் விவரத்தை வெளியிட இவருக்கு உரிமை இராது. போட்டியாளர் அறிந்துகொள்வர் என்னும் அச்சமும் உண்டு. அரைகுறையாக எழுதப்பட்ட இயக்கியால் தரவு அழிந்தால் பழி அட்டையின்மேல் வந்து விழும் என்பது இன்னொன்று. இவற்றுள் மூன்றாவதே வலுவுடையது என்பது நம் கருத்து. ஆனால் அதற்கு மருந்து ஆவணத்தை முழுமையாகத் தருவதேயன்றி மறைப்பதன்று. அரைகுறை இயக்கி பிறப்பதே அரைகுறை ஆவணத்தால்தான்.

நிலை முற்றிலும் மாறாமல் இல்லை. லினக்ஸில் மெகாரெய்டு எஸ்ஏஎஸ், ஏஏசிரெய்டு முதலிய இயக்கிகள் மூலநிரலோடு இடம்பெற்றன. அவற்றை எழுதிப் பேணியவருள் அந்நிறுவனங்களின் பொறியாளர்களே பலர். எனினும் மேலாண்மைக் கருவி பெரும்பாலும் மூடியதாகவே தங்கிவிட்டது. மெகாசிஎல்ஐ என்றொரு கருவி இருந்தது. அதன் கட்டளைத் தொடர்கள் சங்கப் பாடலினும் செறிவானவை, உரையாசிரியர் இன்றிப் பொருள் கொள்ள முடியாதவை. அதன் பின் வந்த ஸ்டோர்சிஎல்ஐ சற்றுத் தெளிவானது. ஆயினும் மூலநிரல் தரப்படாதது. இவற்றுக்கெல்லாம் அடியில், அட்டைக்குள்ளேயே ஓடும் உள்மென்பொருள் ஒன்றுண்டு. இயக்கி திறந்திருந்தாலும் அது மூடியதே. திறந்த மூலநிரல் இயக்கி உடைய அட்டை முழுமையாகத் திறந்தது என நினைத்தல் வேண்டா.

மூடிய கதவுக்குப் பின்னால் உள்ள தட்டுகளைச் சாளரம் வழியே நோக்குவதற்கும் வழி கண்டனர். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்னும் கட்டற்ற கருவியை 2002இல் தொடங்கியவர் புரூஸ் ஆலன். இவர் கணிப்பொறி வணிகரல்லர். ஈர்ப்பலைகளை ஆராய்ந்த இயற்பியல் பேராசிரியர். வன்தட்டு தன் தேய்மானத்தைத் தானே பதிவு செய்துகொள்ளும் குறிப்புகளைப் படித்துச் சொல்வது இக்கருவி. ரெய்டு அட்டைக்குப் பின்னால் மறைந்துள்ள தட்டிடமும், அட்டையின் வகையையும் தட்டின் எண்ணையும் குறித்துக் கேட்டால், மெகாரெய்டு, 3வேர், அரேக்கா முதலிய பல அட்டைகளில் இது செய்தி கொண்டுவரும். தட்டு மாண்டபின் அறிவதைவிட நோயுற்றபோதே அறிவது நன்றன்றோ?

எழுத்து மறந்த ஏடுகள்

தட்டு கெடுவது ஒருபுறமிருக்க, அட்டையே கெட்டால் என் செய்வது? தட்டுகள் எட்டும் நலமாக உள்ளன; தரவும் அவற்றில் உள்ளது. ஆனால் எந்தத் துண்டு எத்தட்டில், எவ்வரிசையில், எவ்வளவு அகலத்தில் எழுதப்பட்டது என்னும் குறிப்பை அட்டை தனக்கே உரிய வடிவில் தட்டின் ஓரத்தில் எழுதியிருக்கும். அவ்வடிவை அறிந்த மற்றோர் அட்டை கிடைக்கும்வரை தட்டுகள் ஊமையாகவே கிடக்கும். நம் சமுதாயத்தில் இந்நிலையை அறியாதார் இலர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பாட்டனார் காலத்துப் பெட்டிகளில் அரபுத்தமிழ் நூல்கள் இருக்கின்றன. மொழி தமிழ்தான், வீட்டில் பேசிய தமிழ்தான். அரபு எழுத்தில், தமிழ் ஒலிகளுக்கெனச் சில எழுத்துகளைக் கூட்டி எழுதப்பட்டவை. தாளும் மையும் நன்றாயிருந்தும் பேரப்பிள்ளைகளால் படிக்க முடிவதில்லை. அழிந்தது நூலன்று, நூலைத் திறக்கும் திறவுகோல்.

எம்டி போன்ற மென்பொருள் ரெய்டின் சிறப்பு இவ்விடத்தில் விளங்கும். அதன் எழுத்துவடிவம் மூலநிரலிலேயே வெளிப்படையாக உள்ளது. சர்வர் கெட்டால் தட்டுகளைக் கழற்றி, லினக்ஸ் ஓடும் வேறு கணிப்பொறியில் பூட்டிப் படிக்கலாம். அட்டைகளுக்கும் பொதுவான எழுத்துவடிவம் வேண்டும் என்று டிடிஎஃப் என்னும் தரம் ஒன்று வகுக்கப்பட்டது. எம்டியின் துணைக்கருவியான எம்டிஆட்ம் அதனையும் படிக்கவல்லது. ஆனால் அத்தரத்தை எல்லா அட்டைகளும் பின்பற்றியதில்லை. செயலிகளின் வேகம் மிகுந்த பின்னர், அட்டையின் அறிவு வேண்டா, தட்டுகளை உள்ளபடி காட்டும் எளிய இணைப்பட்டை போதும் என்று திறந்த மூலநிரல் வழியினர் பலர் மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிறுவனங்களின் ஆயுள் தரவின் ஆயுளினும் குறுகியது என்பதையும் மறத்தலாகாது. 3வேர் என்றொரு நிறுவனம் இருந்தது. லினக்ஸுக்குத் தொடக்கக் காலத்திலேயே திறந்த இயக்கி தந்து நற்பெயர் பெற்றது. அது 2004இல் ஒருவர் கைக்குச் சென்றது. 2009இல் எல்எஸ்ஐ கைக்கு வந்தது. 2014இல் எல்எஸ்ஐயை அவாகோ வாங்கியது. 2016இல் அவாகோ பிராட்காம் என்னும் பெயரை ஏற்றது. அடாப்டெக்கின் ரெய்டுத் தொழிலும் 2010இல் பிஎம்சி-சியராவுக்கும், பின் மைக்ரோசெமிக்கும், 2018இல் மைக்ரோசிப்புக்கும் கைமாறியது. இத்தனை கைமாற்றங்களுக்கிடையே பழைய அட்டை ஒன்றின் கருவியை யாரிடம் சென்று கேட்பது?

திறந்த மூலநிரலின் பயன் 2019இல் நன்கு புலப்பட்டது. அவ்வாண்டு வெளிவந்த ரெட்ஹாட் நிறுவனத்தின் 8ஆம் பதிப்பில் பழைய ரெய்டு அட்டைகள் பலவற்றுக்கான ஆதரவு நீக்கப்பட்டது. 3வேர் இயக்கிகள் சில முழுமையாக நீங்கின. மெகாரெய்டு இயக்கியில், டெல் சர்வர்களில் வந்த பெர்க் 5, பெர்க் 6 போன்ற அட்டைகளின் அடையாள எண்கள் எடுக்கப்பட்டன. அட்டை நன்றாக இருந்தது, தட்டு நன்றாக இருந்தது; புதிய பதிப்பை நிறுவப்புகின் தட்டே இல்லை என்றது கணிப்பொறி. இரண்டாம் கையாகச் சர்வர் வாங்கும் சிறு நிறுவனங்களுக்கு இது பேரிடி. அப்போது ஈஎல்ரெப்போ என்னும் தன்னார்வத் திட்டத்தார் அவ்வியக்கிகளைத் தனித்தனிப் பொதிகளாக ஆக்கி, நிறுவும்போதே சேர்த்துக்கொள்ளும் வட்டு வடிவிலும் வழங்கினர். மூலநிரல் எவர் கையிலும் இருந்ததனாலேயே இது கூடிற்று. மூடிய இயக்கியாக இருந்திருப்பின் அவ்வட்டைகள் அன்றே இரும்புக் கடைக்குச் சென்றிருக்கும். இவ்வழி நிலையானது எனவும் சொல்லவியலாது. தன்னார்வலர் உள்ளவரை உண்டு.

வாங்குமுன்

கல்லூரிகளிலும் அறக்கட்டளைகளிலும் சர்வர் வாங்கும் குழுவில் அமரும் பெரியோர், விலைப்புள்ளிகளை ஒப்பிடுவதோடு வேறு சிலவும் கேட்கலாம். அட்டையின் இயக்கி, இயக்க முறைமையின் பொது மூலநிரலிலேயே உள்ளதா, அல்லது விற்பவர் தனியே தரும் தகட்டில் உள்ளதா? தட்டு கெட்டால் சர்வரை நிறுத்தாமல் அறிவதற்குக் கருவி யாது? அச்செய்தி மின்னஞ்சலாகவோ குறுஞ்செய்தியாகவோ எவருக்குச் செல்லும்? அவர் விடுப்பில் இருந்தால் அடுத்தவர் யார்? அட்டை வாங்குவதென்றே முடிவானால், அதே வகையில் இன்னொன்றையும் வாங்கி உறையிலேயே வைத்தல் நன்று. ஐந்தாண்டு கழித்துத் தேடினால் கிடைப்பது அரிது. மாற்றுத் தட்டு ஒன்றும் உடனிருக்க வேண்டும்.

பூட்டிய பின் ஒருமுறை சோதித்தலும் வேண்டும். தரவு எதுவும் ஏற்றாத முதல் வாரத்திலேயே, சர்வர் ஓடிக்கொண்டிருக்கையில் ஒரு தட்டை உருவிப் பார்க்கவேண்டும். கூக்குரல் எழுகின்றதா, எத்தட்டு என்று கருவி சரியாகச் சொல்கின்றதா, செய்தி உரியவரின் கைப்பேசியை அடைகின்றதா, தட்டைத் திரும்ப இட்டால் மீட்டெழுதும் பணி தானே தொடங்குகின்றதா என ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ள வேண்டும். விற்றவரின் பொறியாளர் உடனிருக்கும்போதே இதனைச் செய்தல் நலம். அவர் தயங்கினால், அத்தயக்கத்தையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம்.